கையறிவும் நம் தோட்ட இலக்கியமும்

இலக்கியம் வாழ்வைக் காட்டும் கண்ணாடி என்று வகுப்பறையில் நாம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். கண்ணாடி முகத்தைக் காட்டும். முகத்தில் வழியும் கண்ணீரையும் காட்டும். கை அதில் விழுவது அரிது. மலேசியத் தமிழ்ப் புனைகதைகளில் தோட்டப் பாட்டாளியின் முகம் நிறையவே பதிந்திருக்கிறது. அவருடைய கை, அதாவது அந்தக் கை அறிந்திருந்த அறிவு, பதிந்திருக்கிறதா என்பதே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா.

இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து பிறக்கவில்லை. 1990களின் நடுவில், வட சிலாங்கூரில் தோட்டப் பள்ளி ஒன்றில் நான் இளம் ஆசிரியனாக இருந்தபோது, ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘என் தாயார்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்தேன். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: அம்மா கத்தியைப் பார்க்காமலே மரம் வெட்டுவார், அவர் கண் அடுத்த மரத்தின்மேல் இருக்கும். நான் அத்தொடரைச் சிவப்பு மையால் அடித்து, ‘கத்தியை உற்றுநோக்கி மிகக் கவனமாக மரம் வெட்டுவார்’ என்று திருத்தினேன். பயிற்சிக் கல்லூரியில் கற்ற பாடம் அது. உழைப்பைப் பற்றி எழுதும்போது கவனம், விடாமுயற்சி, வியர்வை ஆகியவை வந்தாக வேண்டும். மாணவி மறுப்பேதும் சொல்லாமல் திருத்தி எழுதிக்கொண்டு வந்தாள்.

நானும் பால்மரம் வெட்டிய ஒரு தாயின் மகன்தான். பள்ளி விடுமுறைகளில் அவர் பின்னால் நிரைக்குப் போய் மங்குகளைத் துடைத்து வைத்தவன். அம்மாணவி எழுதியது உண்மை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் திருத்தினேன்? பார்க்காமல், நினைக்காமல் செய்யும் செயல் அறிவுடைய செயலாகாது என்று எனக்குள் எங்கோ ஒரு தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. அம்மாணவியின் தாயை அத்தீர்ப்பிலிருந்து காப்பதாக எண்ணிக்கொண்டு, அவருடைய திறமையையே நான் அழித்துவிட்டேன்.

அத்திறமை எத்தகையது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். இன்றைய மாணவர்களுள் பலர் பால்மரத்தை நூலில்தான் கண்டிருக்கின்றனர். 1990களில் எழுந்த புக்கிட் செந்தோசாவிலிருந்து கோலசிலாங்கூர் நோக்கிப் போகும் வழியெல்லாம் இன்று செம்பனையே முந்தி நிற்கிறது.

பால்மரத்தின் பட்டையில் பால் ஓடும் குழாய்கள் நேர்குத்தாக மேலே செல்வதில்லை. சற்றே வலப்புறம் சாய்ந்து மரத்தைச் சுற்றி ஏறுகின்றன. ஆகவே வெட்டு, இடப்புற மேலிருந்து வலப்புறக் கீழாக, ஏறத்தாழ 25 முதல் 30 பாகைச் சாய்வில் செல்ல வேண்டும். அப்போதுதான் மிகுதியான குழாய்கள் அறுபடும். அக்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் நெருங்கிக் கிடக்கின்றன. அதற்கும் உள்ளே, மரம் பருக்கக் காரணமான மெல்லிய வளர்படலம் இருக்கிறது. கத்தி அதைத் தொட்டுவிட்டால் மரத்திற்குக் காயம். புதுப்பட்டை கரடும் முடிச்சுமாகத் தடித்து வளரும். சில ஆண்டுகளுக்குப் பின் அவ்விடத்தில் மீண்டும் வெட்டும்போது கத்தி ஓடாது. மேலோடு நின்றுவிட்டாலோ பால் குறையும். ஆகப் பட்டையில் ஒரு மில்லிமீட்டர் அளவு மிச்சம் விட்டு, ஒவ்வொரு நாளும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே சீவி எடுக்க வேண்டும். இதை எங்கே செய்வது? விடியுமுன், நெற்றியில் கட்டிய விளக்கொளியில். மரத்தின் உள்ளழுத்தம் அந்நேரத்தில்தான் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் தளர்ந்துவிடும். நாளொன்றுக்கு 500 மரங்கள் என்று கொண்டால், 4 மணி நேரத்தில் முடிக்க ஒரு மரத்திற்கு, நடையும் சேர்த்து, அரை நிமிடத்திற்கும் குறைவாகவே கிடைக்கும். அதற்குள் வெட்டுவாயில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையிலிட்டு, கத்தியைத் தன்பக்கம் இழுத்தவாறு மரத்தின் பாதிச் சுற்றைப் பின்னடி வைத்துக் கடந்து, மங்கை நேராக்கிவிட்டு அடுத்த மரத்திற்குப் போயாக வேண்டும்.

வெட்டிய இடத்தையே நாள்தோறும் மெல்லச் சீவித் திறந்தால் மரம் சாகாமல் பால் தரும் என்று 1890களில் எடுத்துக்காட்டியவர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி. அவர் பெயர் நம் பாடநூல்களில் இருக்கிறது, இருக்க வேண்டியதே. ஆனால், ‘மெல்ல’ என்று அவர் கண்ட அந்த அளவை ஒரு நூற்றாண்டுக் காலம் நாள்தோறும் விடியுமுன் கையில் வைத்திருந்தவர்கள் வேறு ஆட்கள்.

அண்மையில் என் தாயாரிடம் கேட்டேன்: எவ்வளவு பட்டை மிச்சம் விட வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் அம்மா? அவர் நெடுநேரம் யோசித்தார். ஒரு விடை சொல்லத் தொடங்கி நிறுத்தினார். பிறகு என் முன்கையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரல் நகத்தை அதன்மேல் சாய்த்து வைத்து ஒரே அழுத்தமாக இழுத்தார். தோல் கீறவில்லை, ஆனால் கீறப்போகும் எல்லை எனக்குத் தெரிந்தது. “இவ்வளவு” என்றார்.

தமிழாசிரியர்களாகிய நாம் இச்சொல்லைச் சற்று நின்று நோக்க வேண்டும். ‘இவ்வளவு’ என்பது சுட்டின் அடியாகப் பிறந்த சொல். சுட்டப்படும் பொருள் முன்னிலையில் இல்லாதபோது அதற்குப் பொருளில்லை. என் தாயாரின் அறிவு அரைகுறையானது என்பதாலா அவர் சுட்டில் முடித்தார்? இல்லை. அவ்வறிவு இருக்கும் இடம் கை. கையைக் கொண்டுதான் அதைச் சுட்ட முடியும். ‘ஒரு மில்லிமீட்டர்’ என்று ஆராய்ச்சி நிலையத்தின் கையேடு சொல்வது சரியான அளவே. அவ்வெண்ணை மட்டும் அறிந்தவன் கையில் ஒரு கத்தியைக் கொடுத்து நிரையில் விட்டால் மரம் என்னவாகும் என்பதைக் கங்காணிகள் நன்கு அறிவர்.

இவ்வேறுபாட்டை மேலை மெய்யியலார் கடந்த நூற்றாண்டில் விரிவாக ஆராய்ந்துள்ளனர். 1949-இல் வெளிவந்த ‘மனம் என்னும் கருத்து’ என்ற நூலில் கில்பர்ட் ரைல், ஒன்றைச் செய்யத் தெரிதல் வேறு, ஒன்றை இன்னதென்று தெரிந்திருத்தல் வேறு என்று பிரித்தார். அறிவுடைய செயல் ஒவ்வொன்றுக்கும் முன்னால் மனத்தில் ஓர் ஆலோசனை நடக்கிறது என்று கொண்டால், அந்த ஆலோசனையும் ஒரு செயல்தானே. அதை அறிவோடு செய்ய அதற்கும் முன்னால் ஓர் ஆலோசனை வேண்டுமே. இப்படியே போனால் கை எக்காலத்தும் அசையாது என்பது அவர் வாதம். எளிய வாதம், இதுவரை அசைக்க முடியாததும் அதுவே என்பது என் கருத்து. அசைக்க முயன்றவர்கள் உண்டு. 2001-இல் ஜேசன் ஸ்டான்லி, திமொத்தி வில்லியம்சன் என்னும் இருவர், செய்யத் தெரிதலும் இன்னதென்று தெரிதலின் ஒரு வகையே என்று வாதிட்டனர். அதற்கு அவர்கள் காட்டிய சான்றுகளுள் முதன்மையானது ஆங்கிலத் தொடரமைப்பு. ஆங்கிலத்தில் ‘எப்படி நீந்துவது என்று தெரியும்’ என்னும் அமைப்பில்தான் திறமையைச் சொல்ல இயலும். அதில் ஒரு வினாச்சொல் உள்ளடங்கியிருக்கிறது. வினாவுக்கு விடை ஒரு செய்தி. ஆகவே திறமையும் செய்தியறிவே என்பது அவர்கள் செல்லும் வழி.

தமிழ் பயின்ற ஒருவர் இதைப் படித்தால் புன்னகைக்காமல் இருக்க முடியாது. நாம் ‘அவளுக்கு நீந்தத் தெரியும்’ என்கிறோம். ‘மரம் வெட்டத் தெரியும்’, ‘கோலம் போடத் தெரியும்’ என்கிறோம். எப்படி என்னும் வினாச்சொல் அங்கு இல்லை. செயவென் எச்சத்தை அடுத்துத் ‘தெரியும்’ நேரே வந்து அமர்கிறது. ‘எப்படி வெட்டுவது என்று தெரியும்’ என்று சொல்லவும் நம்மிடம் தொடர் உண்டு. அதற்குப் பொருள் வேறு. முதலாமவர் தொழிலாளி, இரண்டாமவர் நூலைப் படித்தவராகவோ மேற்பார்வை செய்யும் கிராணியாகவோ இருக்கக்கூடும். ‘வெட்ட முடியும்’ என்பது மூன்றாவது. அது உடல் வலிமையையும் வாய்ப்பையும் குறிக்கும். கை ஒடிந்து படுத்திருப்பவருக்கு வெட்டத் தெரியும், ஆனால் வெட்ட முடியாது. இம்மூன்றையும் நம் மொழி குழப்பமின்றிப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு மொழியின் இலக்கணத்தை வைத்து மனித அறிவுக்கு எல்லை கட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. (இதே எச்சரிக்கை எனக்கும் பொருந்தும். தமிழ்த் தொடரை மட்டும் காட்டி நானும் வழக்கை வென்றுவிட முடியாது. எதிர்வழக்கின் சான்று நிற்காது என்று மட்டுமே காட்ட முடியும்.)

ரைலுக்கு மறுகோடியில் நிற்பவர் அமெரிக்கராகிய ஹூபர்ட் டிரைஃபஸ். தொடக்க நிலையில் விதிகளைப் பற்றிக்கொண்டு தடுமாறுபவன், படிப்படியாக விதிகளை விட்டு, ஐந்தாம் நிலையில் நினைக்காமலே சரியாகச் செய்பவன் ஆகிறான் என்பது தம் உடன்பிறப்புடன் சேர்ந்து 1986-இல் வெளியிட்ட நூலில் அவர் விளக்கிய கொள்கை. ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கு இப்படிநிலைகள் பழக்கமானவையாகவே தோன்றும். 2005-இல் அமெரிக்க மெய்யியல் கழகத்தின் பசிபிக் பிரிவுத் தலைமையுரையில் அவர் இதை இன்னும் கூர்மையாக்கினார்: தேர்ந்தவனின் செயலில் எண்ணம் இல்லை; எண்ணம் நுழைந்தால் செயல் கெடும். நின்று யோசிக்க நேரம் கிடைத்தபோதெல்லாம் பந்தைத் தவறாக எறிந்த பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவரை அவர் சான்று காட்டினார்.

இங்கேதான் நான் அவரிடமிருந்து விலகுகிறேன். என் தாயார் 500 மரத்தையும் ஒரே விதமாக வெட்டியதில்லை. பழைய காயத்தால் முடிச்சுவிட்ட மரத்தின்முன் அவர் கை தானாகவே தாமதிக்கும். மழைநீர் பட்டையில் இறங்கியிருந்தால், விரலால் தடவிப் பார்த்து, அம்மரத்தை விட்டுவிட்டு நடப்பார். பட்டை நோயால் பால் வற்றிய மரத்தின் வெட்டுவாயை முகர்ந்து பார்த்ததும் உண்டு. நினையாமல் செய்தார் என்றால், எங்கே நினைக்க வேண்டும் என்பதைக் கண்டுகொண்டது யார்? பழக்கத்திற்கும் தேர்ச்சிக்கும் ரைல் காட்டும் வேறுபாடு இவ்விடத்தில் உதவுகிறது. பழக்கம் முன் செய்ததையே மறுபடி செய்யும். தேர்ச்சி ஒவ்வொரு செயலிலும் கற்றுக்கொண்டே செல்லும். ஓவியத்தைக் கையின் பழக்கமாகக் கூறும் தனிப்பாடல் ஒன்று ஔவையார் பெயரில் வழங்குகிறது. அதை மேற்கோள் காட்டும்போதெல்லாம், பழக்கம் என்பதை வெறும் மனப்பாடப் பயிற்சி என்று நாம் பொருள்கொண்டு விடுகிறோம். அச்சொல்லுக்கு அவ்வளவு குறுகிய பொருள் தேவையில்லை.

சங்கத்து ஔவையாரிடம் இதற்கு இன்னும் நுட்பமான விடை உண்டு. புறநானூற்று 87ஆம் பாட்டில் அதியமானைப் புகழ வந்தவர், ஒரு தச்சனின் தேர்க்காலை உவமையாக்குகிறார். நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன், ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் அவன் என்பது கருத்து. இதே தேர்க்கால் சீனத்திலும் உருள்கிறது. சுவாங்சி நூலில் எழுபது வயதுச் சக்கரத் தச்சன் ஒருவன், நூல் படித்துக்கொண்டிருக்கும் மன்னனிடம், உளி மிக மெல்லச் சென்றாலும் தவறு, மிக விரைந்தாலும் தவறு, சரியான அளவு கையில் இருக்கிறது, அதை என் மகனுக்குக்கூட என்னால் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. ஆகவே நீர் படிக்கும் நூல் முன்னோர் விட்டுச்சென்ற சக்கையே என்கிறான். சீனத் தச்சன் டிரைஃபஸின் பக்கம் சாய்கிறான். தமிழ்த் தச்சனோ இரண்டு பக்கமும் நிற்கிறான். எட்டுத் தேரை ஒரு நாளில் முடிக்கும் கையும் அவனுடையதே. ஒரு சக்கரத்தின்மேல் ஒரு மாதம் தங்கும் கருத்தும் அவனுடையதே. விரைவும் நிதானமும் ஒரே தேர்ச்சியின் இரு முகங்கள் என்று இவ்வுவமை காட்டுவதாக நான் கொள்கிறேன். இப்பாட்டை நாம் வீரத்தின் பெருமைக்காக மட்டும் கற்பித்து வருகிறோம். தச்சனிடம் சற்று நேரம் நிற்பதில்லை.

நிற்காமைக்குக் காரணம் உண்டு. ‘யோசிக்காமலே செய்கிறார்’ என்னும் தொடரை வீணை வாசிப்பவர்மேல் ஏற்றினால் அது புகழ்ச்சி. பால்மரம் வெட்டுபவர்மேல் ஏற்றினால் அது இகழ்ச்சி. தொடர் ஒன்றே, சொல்லப்படுபவரின் நிலைதான் வேறு. தோட்டப் பாட்டாளியைத் ‘தேர்ச்சியற்ற தொழிலாளர்’ என்னும் பட்டியலில் அடைக்க அத்தொடர் பெரிதும் உதவியது. கூலியும் அதற்கேற்பவே அமைந்தது. ஆகவே கையறிவு என்பது மெய்யியலார் பொழுதுபோக்காக ஆயும் பொருள் மட்டுமன்று.

நம் இலக்கியம் அப்பட்டியலை எதிர்த்ததா? பாட்டாளியின் பக்கம் நின்றது, அதில் ஐயமில்லை. ஆனால் எப்படி நின்றது? பிஜித் தீவின் கரும்புத் தோட்டப் பெண்களுக்காகப் பாரதி பாடினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை வைத்துப் புதுமைப்பித்தன் எழுதிய கதைக்குத் ‘துன்பக்கேணி’ என்று பெயர். நம் நாட்டில் கா. பெருமாள் எழுதிய நாவலுக்குத் ‘துயரப் பாதை’ என்று பெயர். தலைப்புகளே வழியைச் சொல்லிவிடுகின்றன. 1970களில் அகிலன் நம் தோட்டங்களைப் பற்றிப் ‘பால்மரக் காட்டினிலே’ எழுதியபோது, அயலிலிருந்து வந்தவர் நம்மீது காட்டிய பரிவுக்கு நாம் நன்றி பாராட்டினோம். விருந்தினராக வருபவர் கண்ணுக்கு முதலில் படுவது துயரமே. அதை அவர் குற்றமாகச் சொல்ல மாட்டேன். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த நாமும் விருந்தினரின் கண்ணையே கடன் வாங்கினோம் என்பதுதான் என் குறை.

நம் கதைகளில் மரம் வெட்டும் காட்சி இல்லை என்று சொல்ல வரவில்லை. ஏராளமாக உண்டு. பெரட்டு, விடியற்பனி, கொசு, அட்டை, வழுக்கும் சரிவு, கனக்கும் வாளி, கங்காணியின் அதட்டல் என அனைத்தும் உண்டு. கத்தி மட்டும் அங்கே ஓர் ஆயுதம்போல், அல்லது ஒரு விலங்குபோல் வருகிறது. பட்டையில் அது என்ன செய்கிறது என்று கதாசிரியர் குனிந்து பார்ப்பது குறைவு. நான் படித்த அளவில், சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் தோட்டக் கதைகளில் கதைத்தலைவி மரத்தடியில் அழுகிறாள். அழுதுகொண்டே ஒரு மரத்தையும் காயப்படுத்தாமல் நிரையை முடித்துவிட்டாள் என்பதை எவரும் எழுதவில்லை. அவ்வொரு தொடர் வந்திருந்தால் அந்த அழுகைக்கே வேறு எடை கிடைத்திருக்கும். சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்கள்’ (2006) தோட்டத்து மக்களின் பேச்சையே நாவலின் மொழியாக்கியது. வாய்க்குக் கிடைத்த அந்த உரிமை கைக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எங்கள் பகுதிக்கு வேறொரு நாவலும் உறவு. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தோட்டம் அமைத்து வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகொனியே எழுதிய ‘மலேசி’, 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. ஆங்கிலத்தில் அதற்கு ‘மலாயாவின் ஆன்மா’ என்று பெயர் சூட்டினர். தோட்டத் துரையின் குரலில் செல்லும் கதை அது. தமிழர்களும் அதில் வருகின்றனர். அழகான எழுத்துதான். ஆனால், ஆன்மாவைத் தேடியவர் அதைக் காட்டிலும் கடலிலும் தேடினார். தம் நிரைகளில் இருட்டில் ஒன்றரை மில்லிமீட்டரைக் கணித்துக்கொண்டிருந்த கைகளில் தேடவில்லை. 1917-இல், 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில், தென்னமரம் என்னும் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைச் செய்தவரும் இவரே. பால்மரக் கத்தியைப் பின்னாளில் வேலையற்றதாக்கிய பயிரும், இம்மண்ணைப் பற்றிய பெரும்புகழ் நாவலும் ஒரே ஆளிடமிருந்து நமக்கு வந்தன.

தேர்ச்சியை எழுதத் தமிழுக்கு இயலாது என்று எவரும் சொல்ல முடியாது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவியின் ஏழாண்டுப் பயிற்சியும், ஆடலாசிரியன், இசையோன், முழவோன், குழலோன், யாழோன் ஆகியோரின் தகுதிகளும் எத்தனை விரிவாகப் பேசப்படுகின்றன! விரல் எங்கே மூட வேண்டும், எங்கே திறக்க வேண்டும் என்பதும் அங்கே கவிதையாகிறது. படிக்கும் மாணவர்க்குக் கடினமான காதை அது. தேர்வுக்கு நாம் அதை விரைந்து தாண்டிவிடுகிறோம். ஆனால் கலைஞரின் விரலை அவ்வளவு அருகில் சென்று நோக்கிய மொழி, பாட்டாளியின் விரலை நோக்கச் சொற்பஞ்சம் காட்டத் தேவையில்லை. ‘இவ்வளவு’ என்று என் தாயார் சுட்டியதை, கதையில் வரும் ஒரு பாத்திரம் சொல்லும்போது படிப்பவர் தம் முன்கையில் உணர வேண்டும். அதற்கு எழுத்தாளர் அம்மரத்தடிக்குப் படிப்பவரை அழைத்துச் செல்ல வேண்டும். கத்தியின் சாய்வையும், பட்டை சுருண்டு விழும் ஓசையையும், வெட்டு சரியாக அமைந்தால் வரிசையாக அரும்பும் பாற்புள்ளிகளையும் காட்ட வேண்டும். துயரத்திற்கு அடைமொழிகள் போதும். தேர்ச்சிக்கு வினைச்சொற்கள் வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் ஒரு சிறு மாற்றம் செய்து பார்த்தேன். இன்றைய மாணவர்களின் பெற்றோர் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் லாரிகளிலும் பணிபுரிகின்றனர். ‘என் தாயார்’ என்பதற்கு மாறாக, ‘வீட்டில் ஒருவர் பார்க்காமலே செய்யும் ஒரு வேலை’ என்று தலைப்புக் கொடுத்தேன். பண்புத்தொகைகளும் பழமொழிகளும் வெகுவாகக் குறைந்தன. ஒரு மாணவன் தன் பாட்டி தோசைக்கல்லில் மாவை ஊற்றுமுன் நீர்த்துளி தெளிக்கும்போது, துளியைப் பார்க்காமல் ஓசையை மட்டும் கேட்டு அடுப்பைக் குறைப்பதை முக்கால் பக்கத்திற்கு எழுதியிருந்தான். முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, நான்கு எழுத்துப் பிழைகள் இருந்தன. மதிப்பெண் அட்டவணைப்படி அக்கட்டுரை எந்த நிலையில் நிற்கும் என்று என் சக ஆசிரியை ஒருவர் கேட்டார். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திவிட்டு, மற்றதைப் பற்றி வெள்ளிக்கிழமை ஆசிரியர் கூட்டத்தில் பேசலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.